நான்காம் மாடியில் 112 டிகிரி

பீனிக்ஸ் நகரின் தெற்கே, ஒதிலியா பராசா குடியிருந்த தெருவில் அந்த ஆண்டு கோடை முடியவில்லை. நவம்பரில் 112 டிகிரி ஃபாரன்ஹீட். கிறிஸ்துமஸ் அன்றும் 112. ஒரு சந்து தள்ளி, அடுத்த தெருக்காரர்கள் கம்பளிச் சட்டையில் நடமாடினார்கள். கிடங்கு நிறுவனம் ஒன்று, தெருவுக்கு நிழல் தந்து வரிசையாக நின்ற மெஸ்கீட் மரங்களை வெட்டி லாரிகள் நிறுத்தத் தார் போட்ட பிறகு வந்த வினை அது. ஜனவரியில் பக்கத்து வீட்டு ரமிரோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே சூடு தாங்காமல் இறந்துபோனார்.

வடக்கே குளிர் மிகுந்த மினியாபொலிசிலும் பீனிக்சிலும் வானிலைக் கம்பங்கள் நட்டு, நகரங்கள் சூடேறும் விதத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்த ஆய்வாளர் இங்க்ரிட், ஒதிலியாவின் கொல்லையிலும் ஒன்றை நட்டிருந்தாள். அது காட்டிய கணக்கைக் கிடங்கு நிறுவனத்துக்கு அனுப்பினாள். கருவி பழுது என்று நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது.

"வேற கருவி கொண்டாரட்டுமா, ஒதிலியாக்கா?"

"எதுக்கு? நானே போறேன். என்னையும் பழுதுன்னு எழுதட்டும், பாப்போம்."

சலவைக்கூடத்தில் இருபது வருடம் இஸ்திரி போட்டவள் ஒதிலியா. செவ்வாய்க்கிழமை காலை கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். தெருவின் வெயில் அவள் பின்னால் நடந்தது. வழியில் நின்றவர்கள் கம்பளியைக் கழற்றி, அவள் கடந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார்கள். பேருந்து ஓட்டுநர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, "உங்களுக்கு மட்டும் டிக்கெட் போதும். வெயிலுக்கு வேணாம்" என்றார்.

நிறுவனத்தின் நான்காம் மாடிக் கூடத்தில் ஏசி பதினொரு நிமிடம் தாங்கியது. மேலாளர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, "கொஞ்சம் வெளிய போய்ப் பேசலாமாம்மா?" என்றார்.

"ரமிரோவுக்கு வெளிய போக எடமிருந்துச்சா? நான் இங்கதான் உக்காந்திருப்பேன். மரத்த நட்டுட்டுச் சொல்லுங்க."

ஐந்து செவ்வாய்க்கிழமைகள் அப்படியே போய் உட்கார்ந்தாள். ஆறாவது வாரம் தாரைப் பெயர்த்தார்கள், மெஸ்கீட் கன்றுகள் வந்து இறங்கின. அன்று ஒதிலியா மாடியிலிருந்து வீடு திரும்பியபோது வெயில் அவளோடு வரவில்லை. அதற்கு மாடி பிடித்துப்போயிருந்தது. இங்க்ரிட் கம்பத்தை அங்கேயே விட்டுவைத்தாள். அவளுடைய அறிக்கையில் இரண்டு நகரங்களுக்குக் கீழே நான்காம் மாடியும் ஓர் இடமாகச் சேர்ந்தது.

கன்றுகள் கூரைக்கு மேல் வளர்ந்துவிட்டன. மேலாளர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். இப்போதும் கூட்டத்துக்கு வருகிறவர்களின் கோட்டுகளை வரவேற்பு மேசைப் பெண் வாங்கி மாட்டிவிட்டு, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கொடுத்து மேலே அனுப்புகிறாள்.