நாற்பத்து மூன்று வருட விளக்குக்காரி

என் மாமனாரின் எண்பத்தைந்தாவது பிறந்தநாளன்று, அறுபது பேர் முன்னால், மைக்கைப் பிடித்து, அவருடைய அம்மா ஒரு திருடி என்று அறிவித்தவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. பிறந்தநாள் பரிசாகத்தான் செய்தேன்.

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்குப் பொழுது போக வேண்டுமே. மனைவி வீட்டாரின் பழைய கதையைத் தோண்டக் கிளம்பினேன். மாமனாரின் அம்மா ஒரு பெரிய மாளிகையில் விளக்குக்காரியாக இருந்தவர். சிமினியைத் துடைப்பது, திரியைக் கத்தரிப்பது, எண்ணெய் ஊற்றுவது அவர் வேலை. அந்த மாளிகையின் வேலையாட்கள் பதிவேடு ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. மாதத்துக்கு ஒரு பக்கம். தண்ணீர்க்காரர், மேசைக்காரர், விளக்குக்காரி என்று வேலை மட்டும்தான் இருக்கும். யாருக்கும் பெயர் கிடையாது. மேசைக்காரர் என்றால் மேசையில் உட்கார்ந்து எழுதுபவர் என்று நினைத்திருந்தேன். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று பரிமாறுபவராம். என் ஆராய்ச்சியின் லட்சணம் அவ்வளவுதான்.

ஆனால் விளக்குக்காரி நாற்பத்து மூன்று வருடம் விடாமல் இருந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நகலெடுத்துக் கொண்டுபோய் விழாவில் பக்கம் பக்கமாக வாசித்தேன். வாசித்த ஜோரில், வீட்டில் சரியாகப் பார்க்காத ஒரு வரியும் வாயில் வந்துவிட்டது: "விளக்குக்காரி எண்ணெய் திருடியதால் நீக்கப்பட்டாள்."

புத்தியுள்ளவன் அதோடு நிறுத்தியிருப்பான். நான், "ஆனால் பாருங்கள், அடுத்த மாதமே விளக்குக்காரி மறுபடி இருக்கிறார். மன்னித்துச் சேர்த்துக்கொண்டார்கள்!" என்று சேர்த்துச் சொன்னேன்.

மாமனார் கேக்கைக்கூட வெட்டாமல் எழுந்து போய்விட்டார்.

அவர் எங்களோடுதான் இருக்கிறார். மூன்று வாரமாக என்னிடம் பேச்சில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டே மகளிடம் கேட்பார்:

"உன் வீட்டுக்காரர் பேப்பரை முடிச்சுட்டாரான்னு கேளும்மா."

"முடிச்சுட்டேன் மாமா."

"உன்னைத்தாம்மா கேட்டேன்."

"முடிச்சுட்டாராம்ப்பா," என்பாள் என் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுக்குள்ளயே தபால் ஆபீஸ் நடத்துறேன். சீக்கிரம் ஏதாவது பண்ணித் தொலைங்க."

மறுபடி காப்பகத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நேரா சொல்லுங்கம்மா. அவங்க திருடினாங்களா, இல்லையா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"நாப்பத்து மூணு வருஷம் வேலை பார்த்தவங்கம்மா..."

"யாரு பார்த்தா?"

"விளக்குக்காரி."

"அது நாற்காலியோட பேரு சார். ஒருத்தங்க எழுந்தா இன்னொருத்தங்க உட்காருவாங்க. ஒவ்வொரு தடவையும் புதுப் பேரு கத்துக்க அந்த வீட்டுல யாருக்குப் பொறுமை? சரி, அந்தத் திருட்டு நடந்த வருஷம் உங்க மாமனாரோட அம்மாவுக்கு என்ன வயசு?"

மனக்கணக்குப் போட்டேன். மாமனார் பிறந்தபோது அவர் அம்மாவுக்கு இருபத்திரண்டு. திருட்டு நடந்தது அதற்குப் பத்து வருடம் முன்னால்.

"பன்னிரண்டு," என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"நீங்க என்ன வேலையில இருந்தீங்க சார்?"

"தபால் ஆபீஸ்," என்றேன்.

அவர் இன்னொரு நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். வருடத்துக்கு ஒருமுறை வேலைக்காரப் பெண்களுக்குச் சேலை கொடுத்த நோட்டு. சேலையை நாற்காலியா கட்டிக்கொள்ளும்? அதனால் அதில் மட்டும் பெயரும் கைநாட்டும் இருந்தன. நாற்பத்து மூன்று வருடத்தில் ஐந்து விளக்குக்காரிகள். நீக்கப்பட்டவர் இரண்டாமவர். மாமனாரின் அம்மா நான்காவது. மாமனாருக்கு நாலு வயதானபோதுதான் வேலைக்கே வந்து, பத்து வருடம் இருந்திருக்கிறார். அந்தக் கைநாட்டின்மேல் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். காப்பக அம்மாள் தொண்டையைக் கனைத்தார். எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், மாமனார் படித்துக்கொண்டிருந்த பேப்பரின் மேலேயே நகலை வைத்தேன்.

"மாமா, அது உங்கம்மா இல்ல. அவங்களுக்கு ரொம்ப முன்னாடி இருந்த வேற ஒருத்தங்க. தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடுங்க."

பூதக்கண்ணாடியை எடுத்து அந்தக் கைநாட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு, மூன்று வாரத்தில் முதல் தடவையாக, என்னைப் பார்த்தார்.

"அப்போ எங்கம்மா பேர்ல எதுவும் இல்லையா?"

"ஒரு வரிகூட இல்ல மாமா. பத்து வருஷத்துல ஒரு புகார் கிடையாது. எண்ணெயைக் கையால தொட்டிருக்கக்கூட மாட்டாங்க."

"தொடாமலா? எங்க வீட்டுல தினமும் விளக்கு எரிஞ்சுதே, அது எந்த எண்ணெய்னு நினைச்சீங்க?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அப்புறம் எதுக்கு மாமா மூணு வாரமா அவ்வளவு கோபம்?"

"மாட்டிக்கிட்டாங்கன்னு படிச்சீங்களே மாப்பிள்ளை, அதுவும் அறுபது பேர் முன்னாடி! எங்கம்மா மாட்டுற ஆளே இல்ல."