கலசம் நகரக்கூடாது

கணவன் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள். ஜம்புநாதன். சொல்லிவிட்டேன். அந்தப் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் எனக்கு மனசு ஆறாது.

ஆகஸ்டில் நாட்டுக்கு விடுதலை கிடைத்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே ஜம்புநாதன் எங்களுக்கு வீட்டிலிருந்து விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டார். பம்பாய்க் கோட்டையில் இன்ஷூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா. ஆபீஸில் ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகையைப் புரட்டியிருக்கிறார். அதில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சக்கரம் வைத்த வீட்டில் ஊர் ஊராகச் சுற்றுகிறது, ஏரிக்கரையில் நிறுத்திக் குழந்தையோடு மீன் பிடிக்கிறது. மீன் வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போகிற மனுஷர், அந்தப் படத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். பம்பாயில் ஓர் அறைக்காக ஜனங்கள் அடித்துக்கொண்டிருந்த சமயத்தில், மாட்டுங்காவில் இருந்த எங்கள் அறையைக் காலி செய்துவிட்டு, யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த மிலிடரி ஆம்புலன்ஸ் ஒன்றோடு வந்து நின்றார்.

"இனிமே வீட்டுக்காரன் கிடையாது, மாடிப்படி கிடையாது. நாசிக், பூனா, அப்படியே பாலக்காடு வரைக்கும் நம்மாத்துலயே போலாம், பாகீரதி" என்றார்.

பெட்ரோலுக்குக் கூப்பன் வேண்டும் என்பதைப் பத்திரிகை சொல்லவில்லை போலிருக்கிறது. நாலு மாதத்தில் எங்கள் பாரத யாத்திரை மாட்டுங்காவில் தொடங்கி, செம்பூரைத் தொட்டு, மாட்டுங்காவுக்கே திரும்பியது. அதிலும் சயான் ஏற்றத்தில் நானும் எங்கள் ஆறு வயது வாலாம்பாளும் இறங்கித் தள்ளினோம். "உடம்புக்கு நல்லது" என்றார், ஸ்டீரிங்கை விடாமல். வண்டி மேல் இருந்த செஞ்சிலுவை இரண்டு கோட் பச்சைப் பெயிண்டுக்கு அடியிலும் தெரிந்ததால், வாரத்துக்கு ஒருவராவது கதவைத் தட்டி வயிற்றுவலிக்கு மருந்து கேட்பார். நானும் சுக்குக் கஷாயம் கொடுத்து அனுப்புவேன்.

போலீஸ்காரர்கள் விரட்ட விரட்ட இடம் மாறினோம். வாலா காலையில் எழுந்ததும் பின்கதவைத் திறந்து, இன்றைக்கு வாசலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். ஒரு நாள் பார்சிக்காரர் பங்களா, ஒரு நாள் குப்பைத்தொட்டி. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு லாரிக்காரி என்று பெயர். எங்கள் பழைய கட்டிடத்து நாகலக்ஷ்மி மாமி மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் விடமாட்டாள். "இன்னிக்கு எந்தத் தெருவுலடி உங்காம்?" என்று கறிகாய்க்காரன் காதில் விழும்படி கேட்பாள்.

குழந்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நவராத்திரிக்கு எல்லாரும் நம்மாத்துக்கு வரணும்மா."

ஆம்புலன்ஸில் காயம்பட்டவர்களைப் படுக்கவைக்க மூன்று தட்டுகள் உண்டு. நாங்கள் படுப்பதும் அதில்தான். படுக்கைகளைச் சுருட்டிவிட்டு வேஷ்டி விரித்தால் அச்சாக மூன்று படிக் கொலு. "அமெரிக்காக்காரனுக்கு இந்த வசதி உண்டோ?" என்று பூரித்துப்போனார். ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நிறுத்தி, பொம்மைகளை அடுக்கி, கலசம் வைத்தோம். கலசம் வைத்தால் விஜயதசமி முடியும்வரை நகர்த்தக்கூடாது. அது மாட்டுங்காவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதைக் கொண்டுபோய்ச் சக்கரத்தின் மேல் வைக்க எங்களால்தான் முடியும்.

சனிக்கிழமை மத்தியானம் வாலா பட்டுப்பாவாடையும் குங்குமச் சிமிழுமாகப் பதினோரு வீடுகளை அழைக்கக் கிளம்பினாள். அவள் போய் ஒரு மணி நேரம் கழித்துப் போலீஸ்காரர் வந்து, "காடி ஹடாவ்", வண்டியை எடு என்றார். ஏதோ பெரிய மனிதர் கார் அந்த வழியாக வரப்போகிறதாம்.

"கலசம் வெச்சிருக்கே, நகத்தப்படாதேன்னா" என்றேன்.

"கலசத்தை யார் நகத்தறா? அது வெச்ச எடத்துலதான் இருக்கு. வண்டின்னா நகர்றது" என்றார். கம்பெனியில் இந்த மூளைக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள்.

"வாலா?"

"முன்னாடிதான் நின்னுண்டிருந்தா, ஏறியிருப்பா."

நின்றது வாஸ்தவம்தான். குங்குமம் தீர்ந்து, நிரப்பிக்கொண்டு போக நடுவில் வந்தபோது நின்றாள்; மறுபடி கிளம்பிப் போனதை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. நான் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு கலசத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தேன். என்றைக்கும் பத்துத் தரம் சுற்றினாலும் முனகுகிற இஞ்சின் அன்றைக்கு ஒரே சுற்றில் எடுத்தது. ஆண்டாப் ஹில்லில் எங்கள் வண்டியைப் பழுது பார்க்கும் தெற்கத்தித் தமிழர் அப்துல் ரவூபின் ஷெட்டில்தான் நின்றது. கதவைத் திறந்து, "குழந்தையை இறக்குங்கோ" என்றேன். "உங்கூட இல்லையா?" என்றார்.

நான் ஓடினேன். செருப்பு எங்கே போயிற்றென்று இன்றுவரை தெரியாது.

ஃபைவ் கார்டன்ஸில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் நான் போட்ட கோலமும் இருந்தன. கோலத்துப் பக்கத்தில் வாலா. அவளைச் சுற்றிப் பட்டுப்புடவையில் ஏழெட்டு மாமிகள். குழந்தை அழவில்லை. வந்தவர்களுக்கு ஒவ்வொருவராகக் குங்குமம் கொடுத்து, "ஆம் வெளில போயிருக்கு மாமி, இப்போ வந்துடும். செத்த இருங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாகலக்ஷ்மி மாமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன். என்னைப் பெற்றவளுக்கு நான் அப்படி அழவில்லை.

மறுநாள் மாமி அத்தனை பேரையும் ஆண்டாப் ஹில்லுக்கு நடத்தியே கூட்டி வந்தாள். சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, கொலு பார்த்து, சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

விஜயதசமியன்று விளக்கேற்றியதும், ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கொலுவை முடிப்பது வழக்கம். வாலாவிடம் சொன்னேன். அவள் மரப்பாச்சியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"மாட்டேன். இது படுத்துண்டா நாளைக்குக் கலசத்தை எடுத்துடுவேள். எடுத்துட்டா அப்பா வண்டியைக் கிளப்பிடுவா."

ஜம்புநாதன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நாசிக் போகலாம் என்பதாக இருக்கலாம். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். நேரே ரவூபிடம் போனேன்.

"பாய், சக்கரத்தைக் கழட்டிடுங்கோ."

"எதும்மா, பஞ்சரா?"

"நாலையும்."

ரவூப் ஜம்புநாதனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். "சரித்தாம்மா. எடம் சும்மாத்தான கெடக்கு, இங்கனயே இருங்க" என்று ஜாக்கி எடுத்து வந்தார் ரவூப். செங்கல்லை அடுக்கி வண்டியை அதன்மேல் உட்காரவைத்தார். ஒவ்வொரு சக்கரமாக ஷெட்டுக்குள் உருண்டு போனது. வாலா பொம்மையும் கையுமாகக் கூடவே போய் எண்ணினாள். நாலும் போன பிறகும் அவள் உள்ளே வரவில்லை. வண்டிப் பக்கவாட்டில் மாட்டியிருந்த ஸ்டெப்னியைக் காட்டினாள்.

"மாமா, அது?"

ரவூப் அதையும் கழற்றி உள்ளே போட்டுப் பூட்டினார். அப்புறம்தான் வாலா பொம்மையைப் படுக்கவைத்தாள்.