உறைக்கு இடம் விடாதவர்

கீச்சென்று அபாயமணி அலறியதில் சின்னவளின் தேநீர் மேசையெல்லாம் சிந்தியது. சர்வர் அறைத் திரையில் மருந்துக் கிடங்கின் கட்டம் சிவந்து கிடந்தது.

துடைக்கத் துணி தேடுவதற்குள் மேலாளர் உள்ளே வந்துவிட்டார். அக்காவின் கணவர். வீட்டில் அத்தான், இங்கே சார்.

"பெரிசா டனல் கட்டினியே, இடிஞ்சு விழுந்துடுச்சா?"

கிடங்கின் குளிர்பதனக் கருவிகளுக்குப் பழைய புரோட்டோகால், அதாவது தகவல் பரிமாறும் முறை, ஒன்றுதான் தெரியும். புதிதாக வாங்கிய இணைப்போ புதியதை மட்டுமே சுமக்கும். கருவிகளை மொத்தமாக மாற்றியே தீர வேண்டுமென்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். சின்னவள் இரண்டு முனையிலும் மென்பொருளிலேயே ஓர் இன்டர்ஃபேஸை உருவாக்கினாள்; அத்தான் சொன்ன டனல் அதுதான். இந்தப் பக்கம் பழைய தகவல் பாக்கெட்டுக்குப் புதிய பாக்கெட்டையே உறையாகப் போட்டு அனுப்பும். அந்தப் பக்கம் உறையைக் கிழித்து உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுக்கும். மூன்று மாதம் முணுமுணுப்பில்லாமல் ஓடியது. அது ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அத்தான் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"முதலாளியம்மா வந்துட்டிருக்காங்க. உன் ராஜினாமாவை நானே அடிச்சு வெச்சுட்டேன். கையெழுத்துப் போட்டா போதும்."

"எவ்வளவு அக்கறை! அக்கா பிறந்தநாள் மறந்துபோச்சு, இது மட்டும் ஞாபகம் இருந்துச்சா?"

"வாயை அடக்கு. இது ஆபீஸ்."

அவள் சோதனைக்குச் சின்னச் சின்ன பாக்கெட்டுகளை அனுப்பினாள். எல்லாம் சமர்த்தாகப் போய்த் திரும்பின. கிடங்கின் முழுப் பதிவு மட்டும் வரவில்லை. பெரியவை மட்டும் தொலைகின்றன என்றால்... இன்டர்ஃபேஸின் அமைப்பைத் திறந்தாள்.

பாக்கெட்டின் அதிகபட்ச அளவு 1500 என்றிருந்தது. இணைப்பு தாங்கும் முழு அளவே அவ்வளவுதான். மேலே உறை ஏற இடம் வேண்டுமே என்று அவள் 1380 என வைத்திருந்தாள். இப்போது பெரிய பாக்கெட் உறை போட்டதும் இணைப்புக்குள் அடங்காமல், வழியிலேயே சத்தமில்லாமல் குப்பைக்குப் போகிறது.

யாரோ கை வைத்திருக்கிறார்கள். யாரென்று பதிவில் தெரியாது. எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்பது அத்தான் போட்ட சட்டம். பழைய எண்ணை அவள் எங்கும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. திறந்து பார்த்தவருக்கு மட்டுமே தெரியும்.

முதலாளியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன ஆச்சு?"

"யாரோ அளவை மாத்தியிருக்காங்கம்மா."

"பழியைத் தூக்கி அடுத்தவங்க தலையில போடறா!" அத்தான் பாய்ந்தார். "அவ டனலை இங்க ஒருத்தரும் எட்டிப் பார்த்தது கிடையாது. நான் தொட்டதே இல்ல."

முதலாளியம்மாவின் பார்வை மேசையிலிருந்த ராஜினாமாவுக்குப் போனது. சின்னவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"பார்க்காததே நல்லது சார். பார்த்திருந்தா சிரிச்சிருப்பீங்க. குத்துமதிப்பா ஏதோ ஒரு எண்ணைப் போட்டு வெச்சிருந்தேன்."

"சிரிக்காம என்ன பண்றது?" அத்தான் முதலாளியம்மா பக்கம் திரும்பினார். "முழுசா ஆயிரத்து ஐநூறு போற இடத்துல, எவளாவது ஆயிரத்து முந்நூத்தி எண்பதுன்னு வைப்பாளா?"