பெரிய சாஃப்ட்வேர் திறக்கிற நேரம்

“யப்பா ஆதவா, உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு கீதா இல்லியா?” என்று காலங்காத்தாலே போனில் கேட்டார் பரசுராமன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி, முன்பு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் லாட்ஜ் கட்டியிருப்பவர். அவருடைய அறைகளை ஆன்லைனில் பதிவு செய்கிற வெப்சைட்டை, சேர்ந்து தொழில் நடத்தும் ஆதவனும் வினோதினியும்தான் செய்து கொடுத்திருந்தார்கள். அது ஓடத் தொடங்கிய பிறகு வந்த முதல் பௌர்ணமி இது. சித்தூர்க் குடும்பம் ஒன்று ராத்திரி முழுக்க மலையைச் சுற்றிவிட்டு வந்து, கால் வீங்கி, அடித்துப் போட்டதுபோல அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதே அறைக்குப் பதிவு செய்த கோலார்க்காரர்கள் பையோடும் பாட்டியோடும் வாசலில் நிற்கிறார்கள்.

“யாரை எழுப்புறது, யாரைத் தொரத்துறது? கோலார்க்காரங்கள என் வீட்டுக் கூடத்துல உக்கார வெச்சிட்டேன். என் பொண்டாட்டி உப்புமா கிண்டினு இருக்கா. அவ என்னைப் பாக்குற பார்வைக்கு உங்க ரெண்டு பேரையும் கூட்டியாந்து முன்னாடி நிறுத்தணும்.”

“நான் பாக்குறேண்ணா. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிடுறேன்.”

போனை வைத்தபோதே என்ன நடந்திருக்கும் என்று ஆதவனுக்குத் தெரிந்துவிட்டது. யாரால் நடந்தது என்பதும் தெரியும். அதை வினோதினியிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் வண்டியை எடுத்து வேங்கிக்காலில் இருக்கும் தங்கள் ஆபீசுக்கு ஓட்டும்போது அவன் யோசித்துக்கொண்டே போனது.

வேறு ஊர் லாட்ஜுகளில் ஒரு நாள் என்றால் மத்தியானம் தொடங்கி மறுநாள் மத்தியானம் வரை. இங்கே மற்ற நாட்களுக்குத்தான் அந்தக் கணக்கு. பௌர்ணமி சாயந்திரம் பிறந்து மறுநாள் சாயந்திரம் முடிந்தால், அந்த மொத்தமும் ஒரே வாடகை. “ஒரு பௌர்ணமி” என்றுதான் அறை விடுவார்கள். காலண்டரில் தேதி இரண்டாக இருக்கும், அறை ஒருவருடையது. இந்த ஊரில் பிறந்தவர்கள் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, சாப்பிடும்போது வாயைத் திறக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்காத மாதிரி. ஆதவனும் வினோதினியும் இந்த ஊர்க்காரர்கள். அதனால், நிரலைத் தானே எழுதித் தரும் கோட் ஜெனரேட்டரிடம் வேலையைக் கொடுத்தபோது அவர்களும் சொல்லவில்லை. தேதி, அறை, பெயர் என்று அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அது திரைகளையும் கோப்புகளையும் தானே எழுதித் தள்ளியது. ஒரு தேதி ஒரு நாள்; மறு தேதிக்கு அதே அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அதற்கு நிலா தெரியாது.

ஜெனரேட்டரை வைத்துச் செய்யலாம் என்றது வினோதினி. ஆதவன் மாட்டேன் என்று நின்றான். முதல் நாளிலிருந்து வேலை செய்த முழு டெவலப்மென்ட் மென்பொருளில், அவர்கள் பேச்சில் ‘பெரிய சாஃப்ட்வேரில்’, வரிவரியாக எழுதினால்தான் அது நம் வேலை என்றான். வினோதினி கோபப்படவில்லை. கணவன் சென்னையில் வேலை பார்க்கிறான், மகள் கவிநிலாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவர இவளை விட்டால் ஆளில்லை, சென்னைக் கம்பெனி ஒன்று இவளைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. எல்லாம் அவனுக்குத் தெரிந்ததுதான். “பொழுது சாயறதுக்குள்ள வேல முடிஞ்சா நான் இங்கயே இருக்கேன் ஆதவா. நமக்கு இன்னாத்துக்கு ஒவ்வொரு பட்டனையும் கையால செதுக்கினு? அப்படித்தான் வேணும்னா சொல்லிடு. நான் சென்னைக்காரங்களுக்குச் சரினு சொல்லிடுறேன்” என்றாள். ஆதவன் ஜெனரேட்டருக்குத் தலையாட்டினான்.

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பியபோது அம்மா காசியம்மாள் சிரித்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கொல்லை கொல்லையாகப் போய் மல்லாட்டை ஆய்ந்து அவனைப் படிக்க வைத்தவள். பிடுங்கிப்போட்ட செடிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு நாள் முழுக்க உட்கார்ந்து காயைப் பிய்த்ததில் அவளுடைய முட்டி போனது. விரல் நுனியில் ரேகை தேய்ந்து, இப்போதும் ரேஷன் கடை மிஷின் அவளைக் கண்டுகொள்வதில்லை. “காய் பிரிக்கிற மிசினு வந்த அன்னிக்கு நான் மாரியாத்தாளுக்குக் கற்பூரம் ஏத்துனேன்டா. உனுக்கு இன்னா கேடு வந்துச்சி? ஃபேனுக்குக் கீழ குந்தினு விரல ஆட்டுற வேலைக்கு இவ்ளோ பீத்தலா?”

அவள் சொன்னது சரி. கைவேலைக்குப் புனிதம் என்று ஒன்றும் கிடையாது. கையில் தோல் உரிந்தவர்களைக் கேட்டால் தெரியும். அவன் ஏங்கியது வேலைக்கு அல்ல என்பது அவனுக்கே மெதுவாகத்தான் விளங்கியது. கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மாடியில் அந்த அறையை எடுத்தபோது அவர்களிடம் இருந்தது ஒரே கம்ப்யூட்டர், அதுவும் யாரோ கழித்துக் கட்டியது. பெரிய சாஃப்ட்வேரைச் சொடுக்கினால் திரையில் ஒரு நீலப் பட்டை தோன்றும். அது எறும்பு சர்க்கரை இழுப்பதுபோல ஊர்ந்து நிரம்புவதற்குள் கீழே போய் தருமன் கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். தினமும் போனார்கள். வினோதினி வீட்டில் பார்த்த மாப்பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதும், அப்பா செத்தபோது அழாததைப் பற்றி அவன் சொன்னதும் அந்தப் பெஞ்சில்தான். பட்டை நின்றுபோய்த் தொங்கிவிட்டால் இன்னொரு டீ. மேலே வந்தால் அவள் சொல்லச் சொல்ல அவன் அடிப்பான். ஒரு புள்ளி விட்டுப்போனால் தலையில் குட்டுவாள். ஜெனரேட்டர் சொடுக்கிய மறுநொடி வந்து நிற்கிறது. டீ குடிக்கப் போக அது விடுவதில்லை.

அதனால்தான் ஒரு திருட்டு வேலையைச் செய்தான். பௌர்ணமி விஷயம் உறைத்ததும் வினோதினியிடம் சொல்லியிருக்கலாம். அவள் மகளைக் கூட்டிவரப் போயிருந்த சாயந்திரம், ஜெனரேட்டர் எழுதிய கோப்புக்குள்ளேயே புகுந்து, திதி பிறப்பதிலிருந்து முடிவது வரை ஒரே நாளாகப் பிடிக்கும் வரிகளைக் கையால் எழுதினான். ரொம்ப நாளைக்குப் பிறகு விரல் சூடானது. சோதித்துப் பார்த்தான், சரியாக இருந்தது. என்றைக்காவது அவளாகக் கண்டுபிடித்து “யார்ரா இதை எழுதுனது?” என்று கேட்பாள், அப்போது சிரிக்கலாம் என்று வைத்துக்கொண்டான். பரசுராமன் அறைகளுக்குப் போட்டோ வேண்டும் என்று கேட்டார். வினோதினி அதற்கு இடம் சேர்த்து, மறுபடி ஜெனரேட்டரை ஓட்டினாள். அது பழைய கோப்பைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டது. நெல்லோடு சேர்ந்து முளைத்ததை மிஷின் பார்த்தா அறுக்கிறது?

மாடிக்கு வந்தபோது வினோதினி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். பரசுராமன் அவளுக்கும் போன் போட்டிருக்கிறார்.

“நான்தான் கெடுத்துட்டேன் போல” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பௌர்ணமிய மறந்தே போயிட்டேன் பாரு. இந்த ஊருல பொறந்து, இந்த ஊர் லாட்ஜுக்கே. நீ அன்னிக்கே வேணாம்னு சொன்ன. எனுக்குத்தான் சீக்கிரம் முடியணும்னு.” மவுஸைத் தள்ளி வைத்தாள். “சென்னைக்குச் சரினு சொல்லிடலாம்னு பாக்குறேன். இன்னிக்குப் போன் பண்றேன்னு சொல்லிகிறாங்க. நீ உன் இஷ்டப்படி எழுது.”

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பழி ஜெனரேட்டர்மேல் விழும். பெரிய சாஃப்ட்வேர் திரும்பி வரும், வாதத்தில் ஜெயித்தாயிற்று. எதிர் நாற்காலி காலியாகும். ஆதவன் பிளாஸ்டிக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான்.

“நீ மறக்கல. நான் எழுதியிருந்தேன். உங்கிட்ட சொல்லாம, ஜெனரேட்டரோட ஃபைலுக்குள்ளயே. நீ திரும்ப ஓட்டுனப்போ அழிஞ்சிடுச்சி.”

வினோதினி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். “அதுல கை வெச்சா அழிச்சிடும்னு உனுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம்?”

“நீ மறுபடி ஓட்டுவேன்னு நெனைக்கல.”

“ஏன் சொல்லல?”

அதற்கு அவனிடம் இருந்த பதில் சொல்கிற மாதிரி இல்லை.

“கோலார்ப் பாட்டி வாசல்ல நிக்குது, பரசுராமன் பொண்டாட்டி உப்புமா கிண்டுது, இவரு ரகசியமா கோடு எழுதி வெச்சிகிறாரு. லவ் லெட்டராடா அது, ஒளிச்சி வெக்க?” அவள் கத்தியதில் ஜன்னல் கம்பியில் இருந்த புறா பறந்தது. “நான் தப்பு பண்ணிட்டேன்னு காலைலேர்ந்து ஒவ்வொரு திரையா நோண்டினு உக்காந்திருக்கேன். நீ வண்டியில ஆற அமர வர்ற. அந்த மிஷினாவது எதையும் ஒளிச்சி வெக்கிறதில்ல.”

திட்டு முடிந்தது. அவள் ஒரு பெருமூச்சு விட்டு, பழைய குரலில், அவன் அடிக்க அவள் சொல்லிய காலத்துக் குரலில் சொன்னாள்: “பௌர்ணமிக்குத் தனியா ஒரு ஃபைல் வெச்சி, அத கூப்பிடச் சொல்லி ஜெனரேட்டர்லயே குடுத்துட்டா அது அழிக்காது. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

“எதுல எழுதுறது?”

“உன் பெரிய சாஃப்ட்வேர்லயே எழுது. ஆசை தீர.”

“நீ சொல்றியா, நான் அடிக்கிறேன்?”

மூலையில் துணி மூடிக் கிடந்த பழைய கம்ப்யூட்டரின் பொத்தானை அவன் அமுக்கினான். புதுக் கம்ப்யூட்டரிலேயே எழுதியிருக்கலாம், ஏன் இதில் என்று அவள் கேட்கவில்லை. அது செருமிக்கொண்டு எழுந்தது. சொடுக்கினான். நீலப் பட்டை முனையில் ஒரு கோடாகத் தெரிந்து அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தபோது வினோதினி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

கீழே தருமன் கேட்காமலே இரண்டு கிளாஸை வைத்தார். “இன்னாப்பா, ரொம்ப நாளா ஆளயே காணோம். பக்கத்துல வேற கடை எதுனா சிக்கிடுச்சா?” என்றார். கிரிவலம் முடித்து பஸ்ஸுக்குப் போகும் கூட்டம் வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு போனது. பெஞ்சில் இருவருக்கும் நடுவே வைத்திருந்த வினோதினியின் போன் அதிரத் தொடங்கியது. சென்னை நம்பர். அவள் அதைப் பார்த்தாள், எடுக்காமல் டீயை ஊதினாள். போன் அதிர்ந்து அதிர்ந்து மெல்ல நகர்ந்து பெஞ்சின் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. விழுந்துவிடப் போகிறது என்று ஆதவன் தன் கிளாஸை அதற்கு முன்னால் வைத்தான். போன் வந்து கிளாஸில் முட்டி நின்றது. டீயின் மேல் ஆடை சின்னச் சின்ன வட்டமாக நடுங்கியது.