ஆம்ப்ரோஸ் சாருக்கான நீட்சி

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அக்டோபர் முதல் வாரம். மந்தைவெளி வீட்டில், மழை வருமுன் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஆம்ப்ரோஸ் சார் கூப்பிட்டார்.

"சக்தி, ஆபீஸ்ல கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மாத்திட்டாங்க. இப்ப அது பேச மாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். போனை வைத்ததும், 'இப்ப அது பேச மாட்டேங்குது' என்பதை மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். நான் கதை எழுதி ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த வாக்கியத்தை எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

2

கிழித்த தொடக்கங்கள்:

"ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு குரல் உண்டு என்பார் அவர், அந்தக் குரலைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு"

(அப்படி அவர் சொன்னதே இல்லை. அப்படியெல்லாம் பேசுகிறவரும் இல்லை.)

"இருள் மெல்ல மெல்ல அவருடைய"

(இருளும் இல்லை. நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தெரியும், சுற்றிலும் கலங்கல். விழித்திரை நோய். இரண்டாவது தொடக்கத்தை எழுதும்வரை அது எப்படி இருக்கும் என்று நான் அவரைக் கேட்டதுகூட இல்லை.)

அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன். ஆம்ப்ரோஸுக்கு ஐம்பத்தைந்து வயது. சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர். மனைவி நோரா பள்ளி ஆசிரியை. என் மனைவியும் அதே பள்ளி, அப்படித்தான் பழக்கம். அடையாறில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. கடற்கரையோரம் நூற்றுப் பன்னிரண்டு கிணறுகளில் மாதாமாதம் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்கிடுவார். எந்தத் தெருவுக்கு அடியில் கடல் நுழைகிறது என்பது சென்னையில் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

3

கண் மங்கத் தொடங்கிய வருடம், அவருடைய கணினியில் நோட்புக் என்ற செயலியை நிறுவிக் கொடுத்தேன். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தில் ஒரு வரிக் கட்டளை எழுதினால், விடை அதன் கீழேயே வரும். பிடிக்காவிட்டால் மாற்றி எழுதி மறுபடி ஓட்டலாம். கணினியோடு பேச்சுவார்த்தை நடத்துவது மாதிரி.

அதில் நான் சேர்த்தது ஒரு நீட்சி, செயலியோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன நிரல். ஒரு விசையை அழுத்தினால் விடை அட்டவணையைத் தமிழில் சொல்லும்: எந்த ஊர், எந்தக் கிணறு, எந்த மாதம், எவ்வளவு.

(பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசிக்கும் மென்பொருள் ஏற்கெனவே உண்டே என்பீர்கள். அவரிடமும் இருந்தது. ஆனால் அவருடைய அட்டவணைகளில் அது எண்களை மட்டும் அடுக்கிக்கொண்டே போகும். எண்பதாவது எண்ணில் அது எந்தக் கிணறு என்பது மறந்துவிடும்.)

கணினியின் தமிழ்க் குரல் திருவான்மியூரைக் கடித்துத் துப்பியது. அதனால் நோரா டீச்சரையே உட்கார வைத்து ஊர்ப் பெயர்களையும் எண்களையும் பதிவு செய்தோம். "வீட்லயும் நான்தான் கத்தணும், ஆபீஸ்லயும் நான்தான் கத்தணுமா" என்றார் டீச்சர். நான்கு வருடம் அது ஓடியது.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். புதிய கணினியில் நோட்புக்கின் புதிய பதிப்பு இருந்தது. அதன் உள்கட்டமைப்பையே மாற்றியிருந்தார்கள். என் பழைய நீட்சியை அது ஏற்கவில்லை. பழைய பதிப்பைப் போட அலுவலக விதி இடம் தரவில்லை. வேறொரு நிரல்மொழியில் முதலிலிருந்து எழுத வேண்டும். ஏறக்குறைய நானூறு வரிகள்.

"மூணு ஞாயித்துக்கிழம போதும் சார்" என்றேன்.

பிரிவுத் தலைவர் அவருக்கு நவம்பர் மூன்றாவது வெள்ளிவரை தவணை வாங்கிக் கொடுத்திருந்தார். அன்று தலைமையகத்திலிருந்து வரும் அதிகாரி முன்னால், தானே தனியாக வேலை செய்ய முடியும் என்று ஆம்ப்ரோஸ் காட்ட வேண்டும். ஆறு வாரம் இருந்தது.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். நீட்சிக்கு ஒரு கோப்பு, கதைக்கு ஒரு கோப்பு. கதையின் கோப்பில் உட்கார்ந்தேன்.

5

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாவது வரைவில் பிரிவுத் தலைவர் சண்முகசுந்தரத்தைக் கொடுமைக்காரராக எழுதியிருந்தேன். ஆம்ப்ரோஸின் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுக்கத் துடிப்பவர், தங்கப் பேனா வைத்திருப்பவர். நன்றாகவே வந்திருந்தது. நிஜத்தில் அவர்தான் தலைமையகத்துக்கு இரண்டு கடிதம் எழுதித் தவணை வாங்கியவர்.

மூன்றாவது வரைவில், நிரல் எழுதும் நண்பனுக்கு டெங்கு வர வைத்தேன். அப்போதுதான் தாமதத்துக்குக் காரணம் கிடைக்கும். எனக்கு டெங்கு வரவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. காலையில் எழுந்து ஆம்ப்ரோஸைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டு விசாரித்தபோது "முக்கால்வாசி முடிஞ்சிருச்சு சார்" என்றேன். கதை முக்கால்வாசி முடிந்திருந்தது.

கடைசி வாரம்தான் நீட்சியில் உட்கார்ந்தேன்.

6

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. நீட்சி முணுமுணுக்காமல் நிறுவிக்கொண்டது. திரையில் பொத்தானும் வந்தது. சின்ன அட்டவணையில் சோதித்தபோது நோரா டீச்சரின் குரல் வந்தது. பெரிய அட்டவணைக்கு வேறு வழி எழுத வேண்டும். அந்த இடத்தில் 'பிறகு எழுத வேண்டும்' என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டு வைத்திருந்தேன். சின்ன அட்டவணையிலேயே காட்டச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அதிகாரி, சண்முகசுந்தரம், நான். ஆம்ப்ரோஸ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கட்டளையைத் தடுமாறாமல் தட்டினார். நூற்றுப் பன்னிரண்டு கிணறுகளும் பன்னிரண்டு மாதங்களும் திரையில் விரிந்தன. விசையை அழுத்தினார்.

சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினார். தலையைச் சாய்த்துக் காதை ஒலிபெருக்கியின் பக்கம் கொண்டுபோனார்.

"வால்யூம் கம்மியா வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

டீ கொண்டுவந்த உதவியாளர் மெஹபூப் அலி தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒயரை இழுத்துப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அந்த அதிகாரி எழுந்து அவர் அருகில் வந்து குனிந்து, மிகவும் மரியாதையாக, முதல் எண்ணைத் தானே படித்துச் சொன்னார். "ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது, சார்."

அதோடு முடிந்துவிட்டது. அவர் கடிந்துகொண்டிருந்தால் ஆம்ப்ரோஸ் பதில் பேசியிருப்பார்.

7

இந்த இடத்தில் வேறொரு முடிவு எழுதி வைத்திருந்தேன்.

"விசையை அழுத்தினார். 'திருவான்மியூர், கிணறு நான்கு' என்று நோராவின் குரல் எழுந்தது, அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர்"

நான் எழுதியதிலேயே நன்றாக வந்த பத்தி அது. அதை எடுத்துவிட்ட காரணம் பிறகு வருகிறது.

நடந்தது இது. பத்து நாளில் உத்தரவு வந்தது. பதவி அப்படியே, சம்பளம் அப்படியே. மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதில் கை வைக்க விடாது. இடம் மட்டும் வாசல் மேசைக்கு மாறியது. அங்கே கணினி இல்லை.

டிசம்பரில் நீட்சியை முழுதாக முடித்தேன். பெரிய அட்டவணையையும் சொல்கிறது. எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். அன்று அவர் விடுப்பு. வாசலில் மெஹபூப் அலிதான் இருந்தார்.

"டெய்லி கரெக்டா வராரு சார். குந்திகினு கீறாரு. யாராச்சும் வந்தா மாடிக்குப் போங்கன்றாரு. அவ்ளோதான்."

அங்கிருந்து நேராக சாந்தோம் போனேன். ஆம்ப்ரோஸ் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நானே சொன்னேன்: அந்த ஆறு வாரமும் கதை எழுதிக்கொண்டிருந்தேன் என்று.

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"என்னப் பத்தியா?"

"ஆமா சார்."

"கிணத்து நம்பரெல்லாம் சரியாப் போட்டிருக்கீங்களா?"

நினைவில் இருந்ததைப் போட்டேன் என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நோரா டீச்சர் பேனாவை மூடினார்.

"அனுப்புங்க. நான் படிச்சுக் காட்டறேன். எதையும் மாத்தாம அனுப்புங்க."

அந்தப் பத்தியை எடுத்தது அதனால்தான். நடக்காத ஒன்றை, டீச்சருடைய குரல் கணீரென்று கேட்டதாக நான் எழுதிவைத்த ஒன்றை, அவரே தன் கணவருக்கு வாய்விட்டுப் படிக்க வேண்டியிருக்கும்.

(எதையும் மாற்றாமல் என்றுதான் சொன்னார். நான் மாற்றினேன். பிறகு, மாற்றியதை மறைக்க வேண்டாம் என்று, எடுத்த பத்தியின் இரண்டு வரியை மேலே விட்டுவைத்திருக்கிறேன்.)

8

இதுவரை உள்ளதை அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது. அவர்கள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

டீச்சர் முழுவதையும் படித்தாரா, பாதியில் நிறுத்தினாரா, ஆம்ப்ரோஸ் கேட்டாரா, போதும் என்றாரா, எனக்குத் தெரியாது. கற்பனை செய்து எழுத எனக்கு வராமல் இல்லை. ஆனால் இனி ஒரு வரி எழுதினாலும் அது அவரைக் கேட்காமல் எழுதியதாகிவிடும்.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே அடையாறுக்குப் போங்கள். பத்து மணியிலிருந்து வாசல் மேசையில் இருப்பார். காலடிச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து, யாரைப் பார்க்கணும் என்று கேட்பார். மாடிக்குக் கை காட்டத் தயாராக இருப்பார்.

உங்களைத்தான் என்று சொல்லுங்கள்.