அண்ணி அடித்துத் தந்த வரிகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என் அண்ணியைக் கேட்காமல்தான் எழுத ஆரம்பித்தேன். அண்ணிக்கு வயது நாற்பத்து நான்கு. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. பதினோரு வருஷமாகக் குழந்தைக்குக் காத்திருந்து, நான்கு முறை ஐ.வி.எஃப். செய்து, நான்கும் கைகூடாமல், கடைசியில் இன்னொரு பெண்ணின் கருமுட்டையை வாங்கிக்கொள்வது என்று முடிவெடுத்தாள். கேள்விப்பட்ட அன்றே நான் நோட்டை எடுத்துவிட்டேன். எழுதுகிற நாத்தனார் வாய்த்தால் இதுதான் கதி.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"கண்ணாடி முன் நின்றாள். வெறுமையான வயிற்றைத் தடவினாள். கண்ணில் நீர்..."

மனசு உறுத்தியதால் அண்ணியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். லேபில் குழாய்களில் எண் எழுதும் கறுப்பு மார்க்கரை எடுத்து அந்த மூன்றையும் அடித்தாள். ஓரத்தில் எழுதினாள்: "நான் அழவில்லை. பசித்தது."

உண்மைதான். டாக்டர் கைவிரித்த அன்று காலை டெஸ்டுக்காக வெறும் வயிற்றோடு போயிருந்தாள். இனி அவளுடைய முட்டை பலிக்காது என்ற விஷயத்தை டாக்டர் அவளிடம் சொல்லவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "உங்க மிஸஸ்கிட்ட இனிமே எதிர்பார்க்க முடியாது சார்." பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜ் என்பதுபோல. வெளியே வந்து கேன்டீனில் தன் தட்டையும் காலி செய்து அண்ணன் தட்டையும் காலி செய்தாளாம். அண்ணன் தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

(அழாத ஒருத்தியை வைத்து இந்தக் கதையை எப்படி எழுதுவது என்று ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டேன். அப்படிக் கவலைப்பட்டதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.)

2

அடுத்தது ஃபாரம். கருத்தரிப்பு மையத்தில் இதற்கென்றே ஓர் ஆலோசகர் இருந்தாள். மேஜைமேல் டிஷ்யூ பெட்டி. சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள். ஒன்றுகூட எங்கள் நிறமில்லை. முட்டை தரும் பெண் எப்படி இருக்க வேண்டும் என்று ஃபாரத்தில் வரிசையாகக் கட்டங்கள்: உயரம், படிப்பு, தலைமுடி, நிறம்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். எதிலும் அவசரப்படாதவன். ஆனால் நிறம் என்ற இடம் வந்ததும் 'சிவப்பு' என்பதில் சட்டென்று டிக் அடித்தான். அவனும் கறுப்பு, அண்ணியும் கறுப்பு.

"யாரு சாயல்ல வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள் அண்ணி.

"சும்மாதான் போட்டேன். எடுக்கிறதுதான் எடுக்கிறோம், நல்லதா எடுக்கலாமேன்னு."

அண்ணி இன்னொரு ஃபாரம் கேட்டு வாங்கினாள். ரத்த வகை, பரம்பரை நோய், இந்த இரண்டை மட்டும் நிரப்பிவிட்டு மற்றதையெல்லாம் காலியாக விட்டாள். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது என்றாள் ஆலோசகர்.

"எங்களைப் பார்த்து அந்தப் பொண்ணு டிக் அடிக்க ஒரு ஃபாரம் இருக்கா?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம்."

அதோடு விட்டிருக்கலாம். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஆலோசகர் மேலும் பேசினாள். வயிறு உங்களுடையது, பிரசவம் உங்களுடையது, யாருக்குத் தெரியப்போகிறது, பிள்ளைக்கேகூடச் சொல்ல வேண்டியதில்லை என்றாள். அண்ணன் நிம்மதியாகத் தலையாட்டினான். அண்ணி பேனாவை மூடினாள். இன்னும் உண்டாகக்கூட இல்லாத குழந்தையிடம் இப்போதே பொய்யை ஆரம்பிக்க வேண்டுமா, அதற்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று எழுந்து வந்துவிட்டாள்.

இந்த இடத்தில் முட்டை தரும் பெண்ணைப் பற்றி ஒரு பத்தி எழுதப் பார்த்தேன். "அவளுக்கு இருபத்தாறு வயது. வீட்டில் படுத்த படுக்கையாய் அம்மா. அவள்..."

அண்ணி அதையும் அடித்தாள். "தெரியாதவளுக்கு நீயா ஏன் கஷ்டத்தைக் கொடுக்கிறே? தெரியலன்னு எழுது."

தெரியவில்லை.

3

பிறகு மூன்று வாரம் அந்த வீட்டில் 'சாப்பாடு இருக்கு', 'கேஸ் வந்துச்சு' என்பதற்குமேல் பேச்சில்லை. அந்த மௌனத்தை முடித்துவைக்க நான் ஒரு காட்சி எழுதினேன். எழுதியபோது எனக்கே புல்லரித்தது. அண்ணன் லேபுக்குப் போய் டோக்கன் எடுக்கிறான். ஊசி என்றால் அவனுக்கு நடுக்கம். அண்ணி முன்னால் உட்கார்ந்து கையை நீட்டுகிறான். வரிசையில் இருக்கும் அத்தனை பேர் முன்னாலும், குழந்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று உரக்கச் சொல்கிறான்.

அண்ணி சிரித்தே விட்டாள். "உங்க அண்ணனை உனக்குத் தெரியாதா?"

நடந்தது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஈரப் போர்வை தொங்கியது. முகம் தெரியாத தைரியத்தில் அண்ணன், தனக்குப் பயமாக இருக்கிறது என்றான். என்ன பயம் என்று கேட்டாள்.

"ஒருநாள் கோவத்துல அது உன்னைப் பார்த்து, நீ எங்கம்மா இல்லன்னு சொல்லிட்டா? நீ தாங்குவியா?"

"சொல்லட்டும். அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அது எனக்கும் என் பிள்ளைக்கும் நடுவுல."

அண்ணன் இன்னும் இரண்டு துணிக்குக் கிளிப் மாட்டினானாம். பிறகு, அப்படியானால் முதலில் அம்மாவிடம் தானே சொல்வதாகச் சொன்னான். அவ்வளவுதான். புல்லரிக்க ஒன்றுமில்லை.

4

சொன்னான். எங்கள் வீட்டு ஹாலில், அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னான். அண்ணி அவன் பக்கத்தில் இருந்தாள். அம்மா வெகுநேரம் விரலால் சோபா உறையின் தையலை நிமிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு முகம் தெளிந்தது.

"போகட்டும். அப்பன் இவன்தானே? எப்படியும் நம்ம ரத்தம்தானே?"

நானும் தலையாட்டினேன். முதல் பிரதியில் இந்த வரி இல்லை. அடித்தது அண்ணி அல்ல; நான் எழுதவே இல்லை.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. "ரத்தம்னா என்னன்னு எனக்குத் தெரியும் அத்தை. இருபது வருஷமா தினம் அறுபது பேருக்கு எடுக்கிறேன். குழாய்ல ஒட்டின சீட்டு விழுந்துட்டா அது யாரோடதுன்னு எனக்கே தெரியாது. உங்க பையன் பங்கு இருந்தாப் போதும், மிச்சம் யாருதா இருந்தாலும் பரவாயில்லைங்கிறீங்க. அப்ப நான் யாரு? பாத்திரமா?"

நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று அம்மா கண் கலங்கினாள். டாக்டரும் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆலோசகரும் நல்லதுக்குத்தான். அண்ணன் டிக் அடித்ததும் நல்லதாக எடுக்கலாம் என்றுதான். இத்தனை பேரின் நல்லதையும் சுமந்தது ஒருத்தி. குறை அண்ணனிடம் இருந்து, வேறொருவனின் விந்தை வாங்க வேண்டி வந்திருந்தால் அம்மா 'போகட்டும்' என்றிருப்பாளா? அந்த ஹாலில் அன்று எத்தனை பேர் எழுந்து போயிருப்பார்கள்? கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்கவில்லை. இப்போது, யாரும் என்னைத் திருப்பிக் கேட்க முடியாத காகிதத்தில் கேட்கிறேன்.

(பாத்திரம் என்றால் எதையாவது ஊற்றிவைப்பது. கதையில் வருகிற ஆளுக்கும் அதே சொல்தான். அம்மா ஒரு அர்த்தத்தில் செய்ததை நான் மற்ற அர்த்தத்தில் செய்துகொண்டிருந்தேன்.)

5

மறு வியாழக்கிழமை இருவரும் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். கம்ப்யூட்டர் கேட்ட கட்டங்களில் எல்லாம் 'எதுவானாலும் சரி' என்று அண்ணன்தான் எழுதினான். மதியம் அண்ணி வேலைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். இரண்டு முடிவுகள் எழுதியும் வைத்திருந்தேன். ஒன்றில் தொட்டில். இன்னொன்றில்...

அண்ணி இரண்டையும் படிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். விஷயம் தெரிந்த எல்லோரும் இதையேதான் கேட்கிறார்களாம், காயா பழமா என்று. லேபில் கூட வேலை செய்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர், பல் டாக்டர்கூட. "ரிசல்ட் வந்தாத்தான் நான் எடுத்த முடிவு சரின்னு ஆகுமா? நான் முடிவெடுத்தாச்சு. அதுதான் முடிவு. அதோட நிறுத்து."

நிறுத்துகிறேன். குழந்தை பிறந்தது என்று எழுதினால் துணிச்சல்காரி என்பீர்கள். பிறக்கவில்லை என்றால், இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்பீர்கள். பெண் ஒருத்திதான், கையெழுத்தும் ஒன்றுதான். உங்கள் வாயில் மட்டும் இரண்டு வாக்கியங்கள் தயாராக இருக்கின்றன. எதைச் சொல்லக் காத்திருந்தீர்கள் என்பது எனக்குத் தேவையில்லை. நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.