பத்து வளைவுக்கு மேல் தாங்காது

மிளகு வியாபாரி ஜீவானந்தத்திடம் யார் எது சொன்னாலும் அப்படியே உள்ளே போகாது. மிளகு காய்ந்து கலகலவென்று இருக்கிறது என்று விவசாயி சொன்னால், பாதி ஈரம் என்று எடுத்துக்கொள்வார். டாக்டர் ஒரு மாதம் மாத்திரை எழுதினால் பதினைந்தாம் நாள் நிறுத்திவிடுவார். பதினெட்டு வருஷமாக அவர் ஜீப்பை ஓட்டும் அம்மாசிக்கு இது தெரியாதா? இரண்டு நாள் லீவு வேண்டுமென்றால் நாலு நாள் கேட்பான். டயர் ரெண்டு மாசம் வரும் என்று பட்டால் ஒரு மாசம்தான் என்பான். அவர் அதை இரட்டிப்பாக்கிக்கொள்வார், சரியாக வந்துவிடும். இருவருக்கும் நடுவே பொய் இப்படி நாணயமாக நடந்துகொண்டிருந்தது.

அன்று காலை மாரமங்கலத்தில் கிளம்பும்போது ஜீப்பில் பின்னால் எட்டு மூட்டை மிளகு. மூட்டைகளுக்கு நடுவே அம்மாசியின் மகள் கீர்த்திகா, அவள் மடியில் சான்றிதழ் ஃபைல். சேலத்தில் பத்து மணிக்கு நர்சிங் சேர்க்கை. பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் சீட் அடுத்தவருக்கு. முந்தின நாளே பஸ்ஸில் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாகத்தான் அப்பனும் மகளும் இருந்தார்கள். "எதுக்குப்பா பஸ்ஸு? நானும் மண்டிக்குத்தான் போறேன், ஜம்முனு ஜீப்லயே வாங்க" என்று தடுத்தவர் ஜீவானந்தம். உபகாரம்தான். டிரைவர் லீவு போடாமல் லோடும் இறங்கிவிடும் என்கிற வகை உபகாரம்.

ஏற்காடு நெருங்கும்போது சத்தம் ஆரம்பித்தது. எங்கோ தூரத்தில் ரைஸ்மில் ஓடுகிற மாதிரி ஒரு ஊங்காரம்.

"என்னப்பா, வண்டி பாட்டுப் பாடுது?"

அம்மாசி நியூட்ரலில் உருட்டினான். இஞ்சின் அடங்கியது, ஊங்காரம் அடங்கவில்லை. "இஞ்சின் இல்லீங்க." பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார்த்தான். மாற்றமில்லை. இடது திருப்பத்தில் குறைந்தது. வலது திருப்பத்தில் பாரம் இடப்பக்கம் சாய்ந்ததும் கரகரவென்று கத்தியது.

"இடது முன்சக்கரத்துப் பேரிங்குங்க."

ஏற்காடு பஸ் ஸ்டாண்டு எதிரே ஓரங்கட்டினான். சேலம் பஸ் புறப்படத் தயாராக நின்றது.

"ஏனுங்க மொதலாளி, புள்ளைய பஸ்ஸுல ஏத்திரலாமுங்க. வண்டிய இங்கயே ஒர்க்ஷாப்புல உட்டுரலாம். பத்து வளைவுக்கு மேல தாங்காதுங்க."

மலைப்பாதையில் வளைவுகள் மொத்தம் இருபது. ஜீவானந்தம் வழக்கம்போல இரட்டிப்பாக்கினார். இருபது! அதற்கப்புறம் சமதரை. கச்சிதம்.

"உன் பத்து எனக்குத் தெரியாதாப்பா? உருட்டு, உருட்டு."

"நான் பஸ்லயே போயிக்கறனுங்க" என்றாள் கீர்த்திகா.

"அந்தக் கூட்டத்துல நின்னுக்கிட்டே போவியா கண்ணு? உங்கப்பன் சும்மா பயங்காட்டறான்."

அம்மாசி கியர் போட்டான்.

இறங்கும்போது வளைவுப் பலகைகள் இருபதிலிருந்து குறைந்துகொண்டே வரும். பதினொன்று என்ற பலகையருகே வலப்பக்கம் ஒடித்தபோது டமாரென்று ஒரு சத்தம். சக்கரம் நொண்டிச் சாய்ந்தது. அம்மாசி எப்படியோ ஓரத்துச் சுவரில் உரசி நிறுத்தினான். ஆளுக்குச் சேதமில்லை, ஒரு மிளகுகூடச் சிந்தவில்லை. அவர்கள் விட்ட பஸ் நிரம்பி வழிந்துகொண்டு வந்தது, கைகாட்டியும் வளைவில் நிற்காமல் போயிற்று. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு காய்கறி வேன்காரர் இரங்கி கீர்த்திகாவை ஏற்றிக்கொண்டார்.

பதினொன்றரைக்கு அவளிடமிருந்து போன் வந்தது. மூன்று தடவை கூப்பிட்டார்களாம். அம்மாசி "செரி கண்ணு, ஊட்டுக்கு வா" என்று மட்டும் சொல்லி போனை சட்டைப்பையில் போட்டான்.

ஜீவானந்தத்துக்குப் பொறுக்கவில்லை. "அஞ்சு வளைவுன்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனேப்பா?"

"பின்னால புள்ள உக்காந்திருந்துச்சுங்க. அத வெச்சுக்கிட்டுக் கூட்டிக் கொறச்சு எப்படிங்க சொல்றது? இருக்கறதத்தான் சொன்னனுங்க."

ஒரு பிடி மிளகைக் கையில் உருட்டியே கலப்படத்தைக் கண்டுபிடிக்கிறவர் அவர். கலப்படம் இல்லாததைக் கண்டுபிடிக்கப் பழகவே இல்லை.

"அடுத்த வருஷம் நான் பாத்துக்கறேன் அம்மாசி. எந்தக் காலேஜானாலும் சரி. ஃபீஸு, ஹாஸ்டல், எல்லாம் என்னுது."

"சரிங்க."

ஜீவானந்தம் காத்திருந்தார். புஸ்தகத்துக்கு என்று கேட்பான், போக்குவரத்துக்கு என்று கேட்பான், நாலு பேர் முன்னால் சொல்லுங்கள் என்பான். ஒன்றும் கேட்கவில்லை. சரக்கை வாங்க வந்தவன்தான் பேரம் பேசுவான். முதல் வார்த்தைக்கே தலையாட்டுகிறவன் படியிறங்கிப் போனால் திரும்பி வருவதில்லை. நாற்பது வருஷமாகக் கடையில் பார்த்தது.

"நெசமாத்தாம்ப்பா சொல்றேன்."

"சரிங்க" என்று அம்மாசி ஜாக்கியைத் தேட வண்டிக்கடியில் குனிந்தான்.